கரும்பலகையில் ஒரு கம்ப்யூட்டர்

ஆப்பிரிக்காக் கண்டத்தின் மேற்குக் கரையில் கானா என்று ஒரு தேசம் இருக்கிறது. 1957-ஆம் ஆண்டில் ஆங்கில ஆட்சியிலிருந்து விடுதலை பெற்ற தேசம் அது. அந்தத் தேசத்துக் கிராமப் பள்ளிக்கூடம் ஒன்றில் ஓவுரா க்வாட்வோ என்னும் இளம் உபாத்தியாயர் கம்ப்யூட்டர் பாடம் நடத்தி வந்தார். பாடத் திட்டத்தில் கம்ப்யூட்டர் இருந்தது, பரீட்சையிலும் இருந்தது. பள்ளிக்கூடத்தில் மட்டும் இல்லை. 2011-ஆம் ஆண்டு முதற்கொண்டே அங்கே ஒரு கம்ப்யூட்டர்கூடக் கிடையாது. ஆனாலும் சர்க்கார் நடத்தும் பரீட்சை வருஷா வருஷம் தவறாமல் வந்துகொண்டிருந்தது.

உபாத்தியாயர் என்ன செய்தார்? வர்ணச் சாக்குக்கட்டிகளை எடுத்துக்கொண்டார். கம்ப்யூட்டரில் கடிதம் எழுதும்போது திரையில் என்னென்ன தோன்றுமோ அத்தனையையும், பட்டியல்கள், பொத்தான்கள், விளிம்புக் கோடுகள் உட்பட, கரும்பலகை முழுவதும் அச்சுப் பிசகாமல் வரைந்தார். "இதை அழுத்தினால் எழுத்து தடிக்கும், இதை அழுத்தினால் காகிதத்தில் அச்சாகும்" என்ற ரீதியில் பாடம் நடந்தது. பிள்ளைகள் தங்கள் நோட்டுப் புத்தகங்களில் அதைப் பார்த்து வரைந்துகொண்டார்கள்.

2018 பிப்ரவரி மாதத்தில் இந்தக் காட்சியின் புகைப்படங்கள் உலகெங்கும் பரவின. பார்த்தவர்களில் பலர் சிரித்தார்கள். பலர் கண் கலங்கினார்கள். சிலர் சும்மா இராமல் கம்ப்யூட்டர்களை அனுப்பி வைத்தார்கள். அந்த உபாத்தியாயரைச் சிங்கப்பூரில் நடந்த கல்வி மகாநாடு ஒன்றுக்கும் அழைத்துப் பெருமைப்படுத்தினார்கள்.

இதிலிருந்து ஏழைத் தேசத்தின் அவல நிலை ஒன்றைத்தான் தெரிந்துகொண்டோம் என்றால், நாம் பாதிதான் தெரிந்துகொண்டோம். மறு பாதி வேறு. கம்ப்யூட்டர் இல்லாத இடத்திலும் உபாத்தியாயர் ஒருவர் இருந்தால் பாடம் ஏதோ ஒரு விதத்தில் நடந்துவிடுகிறது. உபாத்தியாயர் இல்லாத இடத்தில் நூறு கம்ப்யூட்டர்களைக் கொண்டுபோய் அடுக்கினாலும் அவை தூசிதான் படிகின்றன. இந்த உண்மையைத் தமிழ்நாட்டின் ஒரு மூலையோடு பொருத்திப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விளக்கின் அடியில்

விருத்தாசலத்துக்கும் சேத்தியாத்தோப்புக்கும் இடையில் இருக்கிறது கம்மாபுரம். ஊராட்சி ஒன்றியத்தின் தலைமை இடம். நெல், கரும்பு, மணிலா விளையும் வட்டாரம். பக்கத்திலேயே நெய்வேலி. கானா தேசம் விடுதலை பெற்ற அதே 1957-ஆம் வருஷம், மே மாதத்தில், நெய்வேலிப் பூமியைத் தோண்டும் வேலையை ஜவஹர்லால் நேரு தொடங்கி வைத்தார். 1930-களில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு தோண்டியபோது கறுப்பாய் ஏதோ வந்ததிலிருந்து ஆரம்பித்த கதை அது. 1961-இல் பழுப்பு நிலக்கரி வெளியே வந்தது. 1962-இல் மின்சாரம் பிறந்தது. அன்று தொட்டுத் தென்னாட்டின் நகரங்கள் பலவற்றில் எரியும் விளக்குகளுக்கு இந்த மண்ணின் அடியிலிருந்து தீனி போய்க்கொண்டிருக்கிறது.

நெய்வேலி நகரியத்துக்குள் நுழைகிறவர்கள் அதன் நேரான வீதிகளையும் நிழல் மரங்களையும் பள்ளிக்கூடங்களையும் மருத்துவமனையையும் கண்டு வியப்பார்கள். வியக்க வேண்டியதுதான். ஆனால் சுரங்கம் நாளுக்கு நாள் விரிகிறது. விரிய விரிய அதைச் சுற்றியுள்ள கிராமங்களின் நிலம் சுருங்குகிறது. 2023 ஜூலையில், சேத்தியாத்தோப்பை அடுத்த வளையமாதேவியில் பயிர் நின்ற வயலின் ஊடே கால்வாய் வெட்டப்பட்டபோது எழுந்த கிளர்ச்சியை நேயர்கள் மறந்திருக்க மாட்டார்கள். சுரங்கம் வேண்டுமா வேண்டாமா என்ற வழக்கை நாம் இங்கே எடுத்துக்கொள்ளவில்லை. அதைக் காட்டிலும் சிறியதாகத் தோன்றும் கேள்வி ஒன்றைத்தான் கேட்கிறோம். நிலத்தைக் கொடுத்த, அல்லது நாளைக்குக் கொடுக்கப் போகிற, குடியானவர் வீட்டுப் பிள்ளை என்ன தொழில் செய்து பிழைக்கும்? ஏர் பிடிக்க நிலம் இல்லை. சுரங்கத்திலோ மனிதர்கள் செய்த வேலையை ராட்சத யந்திரங்கள் செய்கின்றன. அந்த யந்திரங்களை நடத்தவும், கணக்குப் பார்க்கவும், அந்தக் கணக்கைச் சரிபார்க்கவும் கூடக் கம்ப்யூட்டர் தெரிந்திருக்க வேண்டும்.

விளக்கின் அடியில் இருள் என்று பெரியோர்கள் சொல்வார்கள். மின்சாரத்தை நாட்டுக்கெல்லாம் வழங்கும் வட்டாரத்தில், அந்த மின்சாரத்தால் ஓடும் யந்திரத்தைத் தொட்டுப் பழகாத வீடுகள் இருக்குமானால் அந்த வசனத்துக்கு வேறு உரை வேண்டியதில்லை.

பழைய கைநாட்டும் புதிய கைநாட்டும்

"கிராமத்தானுக்குக் கம்ப்யூட்டர் எதற்கு? முதலில் நல்ல தண்ணீர் கொடுங்கள்; பிறகு பார்க்கலாம்" என்று சொல்பவர்கள் உண்டு. அந்தப் பேச்சில் பரிவு இருக்கிறது. ஆனால் உலகம் எங்கே போய்விட்டது என்ற கவனம் இல்லை. கிராமத்தான் கம்ப்யூட்டரைத் தேடிப் போகவில்லை என்றாலும், கம்ப்யூட்டர் அவனைத் தேடி வந்துவிட்டது. பட்டாவும் சிட்டாவும் அதற்குள் இருக்கின்றன. சாதிச் சான்றிதழ், வருமானச் சான்றிதழ், முதல் பட்டதாரிச் சான்றிதழ் எல்லாவற்றுக்கும் அதன் வழியாகவே மனுச் செய்ய வேண்டும். ரேஷன் கடையில் புழுங்கலரிசி வாங்குவதற்குக்கூட ஒரு சிறு யந்திரத்தின் தயவு வேண்டியிருக்கிறது. நூறு நாள் வேலைத் திட்டத்தில் ஏரியில் மண் வெட்டியவர்களின் வருகையைக் கைபேசியில் படம் பிடித்துப் பதிவு செய்வது 2023 ஜனவரி முதல் கட்டாயமாக்கப்பட்டது. படம் ஏறாவிட்டால் வெட்டிய மண் கணக்கில் ஏறாது.

முன் காலத்தில் தாலுகாக் கச்சேரி வாசலில் மனு எழுதுகிறவர் ஒருவர் உட்கார்ந்திருப்பார். எழுதப் படிக்கத் தெரியாத குடியானவன் அவர் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து தன் குறையைச் சொல்வான். அவர் என்ன எழுதினார் என்பது அவருக்கும் ஆண்டவனுக்குமே தெரியும். குடியானவன் அதன் அடியில் பெருவிரலை மையில் தோய்த்து வைத்துவிட்டுப் போவான். எத்தனை நிலங்கள் அந்த ஒரு விரல் அடையாளத்தில் கை மாறின என்பதைப் பழைய பத்திரங்கள் சொல்லும்.

அந்தக் காலம் போய்விட்டது என்று நாம் சந்தோஷப்பட்டோம். பள்ளிக்கூடங்கள் வந்தன, கையெழுத்து வந்தது. ஆனால் இன்று என்ன நடக்கிறது? எழுத்தறிந்தவனும் அறியாதவனும் ஒரே மாதிரி கண்ணாடித் துண்டின் மேல் விரலை வைக்கிறார்கள். திரையில் என்ன எழுதியிருக்கிறது என்பது எதிரே உட்கார்ந்திருப்பவருக்கு மட்டும் தெரிகிறது. ரகசிய எண்ணைக்கூட அவரிடமே சொல்லிவிட்டு, "தம்பி, நீயே பார்த்துப் போடு" என்கிறார்கள். அந்தத் தம்பி நல்லவராயிருந்தால் க்ஷேமம். இல்லாவிட்டால் வங்கிக் கணக்கு காலியான பிறகுதான் விஷயம் வெளிவரும். எனவே, கம்ப்யூட்டர் கல்வி கிராமத்தாருக்கு ஆடம்பரம் அன்று. தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ளும் சுதந்திரம் அது. ஒரு தலைமுறைக்கு முன் எழுத்தறிவு எதுவாக இருந்ததோ, இன்று இது அதுவாக இருக்கிறது.

வில்லியனூர் வழி

இதெல்லாம் நடக்கக்கூடிய காரியமா என்று சந்தேகப்படுபவர்களைக் கம்மாபுரத்திலிருந்து வெகு தூரம் அழைத்துப் போக வேண்டியதில்லை. புதுவைக்கு மேற்கே இருக்கும் வில்லியனூருக்குப் போனால் போதும். எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தார் 1998-ஆம் ஆண்டில் அங்கே ஒரு பரீட்சை செய்து பார்த்தார்கள். கானடா தேசத்துச் சர்வதேச அபிவிருத்தி ஆராய்ச்சி மையம் அதற்குப் பொருளுதவி செய்தது.

வில்லியனூரை நடுவாக வைத்துச் சுற்றியுள்ள கிராமங்களில் அறிவு மையங்களை அமைத்தார்கள். அப்போது கிராமங்களில் தொலைபேசிக் கம்பிகளே சரியாக இல்லை. கம்பி உள்ள இடத்தில் கம்பி வழியாகவும், இல்லாத இடத்தில் வானொலி அலை வழியாகவும் செய்திகளை அனுப்பினார்கள். மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும் ஊர்களில் சூரிய ஒளியைக் கொண்டு யந்திரங்களை இயக்கினார்கள்.

யந்திர விஷயத்தைவிட முக்கியமானது அவர்கள் வைத்த நிபந்தனைகள்தான். மையத்துக்கு இடத்தை ஊரார் இலவசமாகக் கொடுக்க வேண்டும். அந்த இடத்துக்குள் எந்தச் சாதியாரும், ஆணும் பெண்ணும், தடையின்றி வந்து போக வேண்டும். மையத்தை நடத்துகிறவர்கள் அந்த ஊர்க்காரர்களாகவே இருக்க வேண்டும். இவற்றுக்கு ஊர் சம்மதித்தால்தான் கம்ப்யூட்டர் வரும். ஏம்பலம் கிராமத்தில் கோவில் வளாகத்திலேயே மையத்துக்கு இடம் கொடுத்தார்கள். தொண்டர்களாக முன்வந்து பயிற்சி பெற்றவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பள்ளிப் படிப்போடு நின்றுபோய், வீட்டுக்கும் வயலுக்கும் நடந்துகொண்டிருந்தவர்கள் யந்திரத்தின் முன்னால் உட்கார்ந்து, ஊரார் கேட்கும் கேள்விகளுக்குப் பதில் தேடிச் சொல்லத் தொடங்கினார்கள். அடுப்பங்கரையில் மட்டுமே ஒலித்த குரலுக்கு ஊர்ப் பொதுவிடத்தில் ஒரு மதிப்பு ஏற்பட்டது.

அந்த மையங்களில் என்ன கிடைத்தது? உலக ஞானம் முழுவதையும் கொட்டிவிடவில்லை. இன்று நெல் என்ன விலை, உரம் எங்கே கிடைக்கும், எந்த ஆஸ்பத்திரியில் எந்த வைத்தியர் எந்தக் கிழமை இருப்பார், எந்தச் சர்க்கார் உதவிக்கு யார் யார் மனுச் செய்யலாம், பஸ் எத்தனை மணிக்கு: இவைதாம். அவற்றில் பெரும் பகுதியை அந்த வட்டாரத்திலேயே திரட்டித் தமிழிலேயே எழுதி வைத்தார்கள். பிற்பாடு "நம்ம ஊரு சேதி" என்ற பத்திரிகையும் வெளிவந்தது. 2001-ஆம் ஆண்டில் ஸ்டாக்ஹோம் நகரத்தார் வழங்கும் பரிசு இந்த முயற்சிக்குக் கிடைத்தது.

அலையும் ஒலிபெருக்கியும்

வீராம்பட்டினம் மீனவர் ஊர். அங்கே நெல் விலை யாருக்கு வேண்டும்? அவர்களுக்குத் தெரிய வேண்டியது நாளைக்குக் கடல் எப்படி இருக்கும் என்பது. அமெரிக்கக் கடற்படையார் தங்கள் உபயோகத்துக்காக அலைகளின் உயரத்தைக் கணித்து இணையத்தில் வெளியிட்டு வந்தார்கள். தொண்டர்கள் அந்தப் படத்தை எடுத்து, வங்காள விரிகுடாவின் நமது பக்கத்து நிலவரத்தை மட்டும் பிரித்து, தமிழில் மாற்றி, மைய வாசலில் கட்டிய ஒலிபெருக்கி மூலம் கடற்கரைக்கு அறிவித்தார்கள். வலை பின்னிக்கொண்டிருந்தவர் எழுந்து வர வேண்டியதில்லை. கம்ப்யூட்டரைத் தொட வேண்டியதும் இல்லை. இருந்த இடத்திலிருந்தே கேட்டுக்கொண்டார். வல்லரசு ஒன்று தன் போர்க்கப்பல்களுக்காகக் கணித்த கணக்கு, நம் ஊர்க் கட்டுமரத்துக்கு வழி சொல்லிற்று!

இதன் மகத்தான பலனை 2004-ஆம் வருஷம் டிசம்பர் 26-ஆம் தேதி காலையில் நல்லவாடு என்ற மீனவ கிராமம் கண்டது. அந்த ஊர் மையத்தில் முன்பு தொண்டராயிருந்த இளைஞர் ஒருவர் அப்போது சிங்கப்பூரில் இருந்தார். ஆழிப்பேரலை பற்றிய செய்தி அவருக்கு எட்டியது. உடனே ஊருக்குத் தொலைபேசியில் கூப்பிட்டு எச்சரித்தார். ஊரார் மையத்தின் கதவை உடைத்துத் திறந்து, ஒலிபெருக்கியில் "ஓடுங்கள்" என்று அறிவித்தார்கள். சுமார் 3,600 பேர் வாழ்ந்த அந்த ஊரில் வீடுகளும் படகுகளும் நாசமாயின, உயிர்கள் தப்பின.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். அன்று ஊரைக் காப்பாற்றியது கம்ப்யூட்டரா? நேராகப் பார்த்தால், தொலைபேசியும் ஒலிபெருக்கியுந்தான். ஆனால் செய்தி வந்தவுடன் அதை நம்ப வேண்டும், யாரிடம் சொல்ல வேண்டும், எதன் மூலம் ஊருக்கெல்லாம் சொல்ல வேண்டும் என்ற பழக்கம் அந்த ஊரில் ஆறு ஆண்டுகளாக ஏற்பட்டு வந்த முயற்சியினால் உண்டாகியிருந்தது. கல்வி என்பது அந்தப் பழக்கந்தான். யந்திரம் பழசாகிவிடும், பழக்கம் நிற்கும்.

உகாண்டாவின் மூதாட்டிகள்

வில்லியனூருக்கு உதவிய அதே கானடா மையம், ஏறக்குறைய அதே காலத்தில், ஆப்பிரிக்காவில் உகாண்டா தேசத்து நக்கசேக்கே என்னும் ஊரிலும் ஒரு பொது மையம் ஏற்பட உதவி புரிந்தது. ஐக்கிய நாடுகளின் கல்வி ஸ்தாபனமும் அதில் சேர்ந்துகொண்டது. உள்நாட்டுக் கலகத்தில் சீரழிந்து மீண்ட வட்டாரம் அது.

அங்கே எழுந்த பிரச்னை, நமக்குப் பழக்கமான பிரச்னை. யந்திரம் ஆங்கிலம் பேசுகிறது. ஊர்ப் பெண்களோ லுகாண்டா பாஷை பேசுகிறார்கள். அவர்களில் அநேகருக்கு எந்தப் பாஷையிலும் எழுதப் படிக்கத் தெரியாது. ஆகவே, எழுத்தை நம்பாமல் படத்தையும் குரலையும் நம்பி ஒரு குறுந்தகட்டைத் தயாரித்தார்கள். படத்தைச் சுட்டினால், அந்தப் பெண்ணின் சொந்தப் பாஷையில் ஒரு குரல் பேசும். எந்தச் சிறு தொழிலை எப்படித் தொடங்கலாம், விளைந்ததை எப்படி விற்றால் லாபம் வரும் என்று யோசனை சொல்லும். வயதான குடியானவப் பெண்மணிகளும் அதைக் கேட்டுப் பழகினார்கள்; தாம் பழகியதை அண்டை ஊர்ப் பெண்களுக்கும் சொல்லிக் கொடுத்தார்கள்.

எழுதப் படிக்கத் தெரிந்த பிறகுதான் கம்ப்யூட்டர் என்று வரிசை போட்டு வைத்திருக்கும் நம் ஊர் மேதாவிகள் இதைச் சற்றுச் சிந்திக்க வேண்டும்.

தமிழில் தட்டுவது எளிது

பாஷை விஷயத்தில் நாம் உகாண்டாவைவிடப் பாக்கியசாலிகள். வெளிநாட்டுத் தமிழர்களும் உள்நாட்டுத் தமிழர்களுமாகச் சேர்ந்து கம்ப்யூட்டருக்குத் தமிழ் கற்பிக்கப் பல வருஷங்கள் பாடுபட்டார்கள். 1999 பிப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மகாநாட்டின் பயனாகத் "தமிழ் 99" என்ற விசைப்பலகையைத் தமிழ்நாடு அரசு ஏற்றுக்கொண்டது. அதன் அமைப்பு இலக்கண ஆசிரியர் மனத்துக்கு உகந்தது. உயிரெழுத்துக்கள் இடக் கைக்கு. மெய்கள் பெரும்பாலும் வலக் கைக்கு. 'க' தட்டி 'ஆ' தட்டினால் 'கா' வந்துவிடும். 'க' என்பதை இரு முறை தட்டினால் முதல் எழுத்துக்குப் புள்ளி தானாகவே விழுந்து 'க்க' ஆகும். 'ந'வை அடுத்து 'த' வந்தால் 'ந்த', 'ம'வை அடுத்து 'ப' வந்தால் 'ம்ப' என்று யந்திரமே புள்ளி வைத்துவிடும். திண்ணைப் பள்ளிக்கூடத்தில் மணலில் எழுதிக் கற்ற அதே உயிர், மெய், உயிர்மெய் வரிசைதான் இங்கே விரல் நுனிக்கு வந்திருக்கிறது.

அப்படியிருந்தும் நம்மில் எத்தனை பேர் "அம்மா" என்று எழுதுவதற்கு ஆங்கில எழுத்தைத் தட்டுகிறோம்! ஆங்கிலம் தெரியாத கிராமத்துப் பெண், தனக்குத் தமிழ் தெரிந்திருந்தும், கம்ப்யூட்டர் தனக்கு எட்டாதென்று ஒதுங்கி நிற்கிறாள். இந்த ஒரு தடையை அகற்றப் பணம் வேண்டியதில்லை. ரோஷம் இருந்தால் போதும்.

தோற்றவையும் பாடமே

எல்லா முயற்சிகளும் வெற்றி பெற்றன என்று சொன்னால் அது நேயர்களை ஏமாற்றுவதாகும். மதுரைப் பக்கம் மேலூர் வட்டாரத்தில் 2001 முதல், சென்னை ஐ.ஐ.டி. நிபுணர்கள் கண்டுபிடித்த கம்பியில்லாத் தொடர்பைக் கொண்டு கிராமந்தோறும் இணையக் கடைகள் திறக்கப்பட்டன. கண் வைத்தியருக்குக் கண்ணின் படத்தை அனுப்பி யோசனை கேட்பதுவரை அங்கே நடந்தது. ஆனால் சில ஆண்டுகளுக்குள் அவற்றில் பல மூடப்பட்டுவிட்டன. கடை வைத்தவர்கள் எளிய மனிதர்கள். வருமானம் செலவுக்குக் கட்டவில்லை; யந்திரம் பழுதானால் சரி செய்யப் பக்கத்தில் ஆளில்லை. கல்வியைக் கடைச் சரக்காக ஆக்கி, அதன் லாபத்திலேயே அது பிழைக்க வேண்டுமென்றால், மிக ஏழையாயிருக்கும் ஊரில்தான் அது முதலில் செத்துப் போகும்.

2011 செப்டம்பர் 15-ஆம் தேதி தமிழ்நாட்டில் விலையில்லா மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. சர்க்கார் பள்ளிகளிலும் உதவி பெறும் பள்ளிகளிலும் படித்த பிள்ளைகளுக்கு, பின் வந்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிகள் போய்ச் சேர்ந்தன. உலகத்தில் மிகச் சில தேசங்களே நினைத்துப் பார்க்கக்கூடிய பெரிய கொடை இது. கூலிக்காரர் குடும்பத்துப் பெண் அதை மார்போடு அணைத்துக்கொண்டு வீட்டுக்குப் போனதன் பெருமையை யாரும் குறைத்துப் பேச முடியாது. ஆயினும், வாங்கிய பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அதைக் கொண்டு ஒரு கணக்கேடு போட, ஒரு மனு எழுத, ஒரு சிறு கட்டளை நிரலை இயற்ற யாராவது பக்கத்திலிருந்து சொல்லிக் கொடுத்தார்கள்? சொல்லிக் கொடுக்க ஆள் இருந்த இடத்தில் அது கருவி. இல்லாத இடத்தில் சினிமாப் பெட்டி.

2017-18-ஆம் ஆண்டு மத்திய சர்க்கார் எடுத்த மாதிரிக் கணக்கின்படி, இந்தியக் கிராமக் குடும்பங்களில் நூற்றுக்கு 4.4 வீடுகளில்தான் கம்ப்யூட்டர் இருந்தது, நகரங்களில் 23.4. ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் கம்ப்யூட்டரை இயக்கத் தெரிந்தவர்கள் கிராமங்களில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. இதே காலத்தில்தான், 2017-இல், ஆறு கோடிக் கிராம மக்களுக்குக் கணினி எழுத்தறிவு ஊட்டுவது என்ற மத்திய சர்க்கார் திட்டம் ஆரம்பமாயிற்று. வீட்டுக்கு ஒருவர், ஆளுக்கு 20 மணி நேரம் பயிற்சி, முடிவில் ஒரு பரீட்சை என்பது ஏற்பாடு. 2024 மார்ச்சில் திட்டம் முடிவடைந்தபோது குறித்த எண்ணிக்கையையும் தாண்டிவிட்டார்கள். எண்ணிக்கை நிறைந்தது பற்றி மகிழ்ச்சியே. ஆனால் 20 மணி நேரத்தில் சைக்கிள் விடக் கற்றுக்கொள்ளலாம். பிறகு ஓட்டுவதற்குச் சைக்கிள் இருந்தால்தானே கற்றது நிலைக்கும்?

அத்தையின் உபாயம்

சைக்கிள் என்றதும் அறிவொளி இயக்கம் நினைவுக்கு வருகிறது. 1990-களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை ஜில்லாவில் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துப் பெண்களுக்குக் கற்பித்தார்கள். ஆயிரக்கணக்கான கிராமத்துப் பெண்கள் துணிச்சலாகச் சைக்கிளில் ஏறினார்கள். அவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தவர்கள் பெரிய நிபுணர்கள் அல்லர். நேற்றுக் கற்ற பெண்கள் இன்று மற்றவர்களுக்குக் கற்பித்தார்கள். கம்ப்யூட்டருக்கும் இந்த உபாயமே பொருந்தும் என்பதற்கு அத்தாட்சி இருக்கிறது.

1999 ஜனவரியில் சுகதா மித்ரா என்ற அறிஞர் டில்லி கால்காஜியில் ஒரு சுவரில் துளை போட்டு, தெருப் பிள்ளைகள் கையாளும்படி கம்ப்யூட்டர் ஒன்றைப் பதித்து வைத்தார். யாரும் சொல்லித் தராமலே பிள்ளைகள் அதைப் பழகிவிட்டார்கள். பின்னர் அவரும் அவருடைய சகாவும் புதுவையைச் சேர்ந்த காளிக்குப்பத்தில், தமிழ் மட்டுமே பேசும் சிறுவர் சிறுமியரிடம், மூலக்கூறு உயிரியல் பாடங்கள் அடங்கிய கம்ப்யூட்டரை ஆங்கிலத்திலேயே கொடுத்துப் பார்த்தார்கள். பிள்ளைகள் தாங்களாகவே ஓரளவு தெரிந்துகொண்டார்கள். அருகிலிருந்த சர்க்கார் பள்ளிக்கூடத்தில் அதே பாடம் படித்த பிள்ளைகள் அளவுக்கு வந்துவிட்டார்கள். பிறகு, பாடத்தைப் பற்றி ஏதும் அறியாத, ஆனால் அன்பாகப் பேசும் ஒருவரைத் துணைக்கு வைத்தார்கள். அவருடைய வேலை, "அடடே, இதை எப்படிக் கண்டுபிடித்தாய்? இன்னும் என்ன தெரியும்?" என்று வியந்து கேட்பதுதான். அவ்வளவில், தேர்ந்த ஆசிரியர்கள் உள்ள டில்லித் தனியார் பள்ளிப் பிள்ளைகளின் நிலையை அந்தக் கிராமத்துக் குழந்தைகள் எட்டிவிட்டார்கள். இந்த ஆராய்ச்சியின் முடிவு 2010-இல் வெளியாயிற்று.

ஆகவே ஒவ்வொரு ஊரிலும் வேண்டியவர் பெரிய எஞ்சினீயர் அல்லர். பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார்ந்து கேட்கக்கூடிய ஓர் அத்தையோ சித்தப்பாவோ இருந்தால் பாதிக் கிணறு தாண்டியாயிற்று.

கம்மாபுரத்துக்குச் சில யோசனைகள்

மேற்சொன்னவற்றையெல்லாம் திரட்டிப் பார்த்தால், கம்மாபுரம் போன்ற ஒன்றியத்தில் செய்யக் கூடியவை சில நம் மனத்தில் தோன்றுகின்றன.

முதலாவது, இடம். ஒவ்வோர் ஊரிலும் ஊராட்சிக் கட்டடமோ நூலகமோ பள்ளிக்கூடமோ இருக்கிறது. பள்ளி விட்ட பிறகு மாலையில் இரண்டு மணி நேரம் அதன் கதவு திறந்திருக்கட்டும். எல்லாத் தெருவாரும் கால் வைக்கக் கூடிய இடமாக அது இருக்க வேண்டும் என்பதில் மட்டும் தயவு தாட்சண்யம் கூடாது. ஊரின் ஒரு பகுதியார் நுழையத் தயங்கும் இடத்தில் வைத்த கம்ப்யூட்டர், ஊரின் பழைய வேலியைப் புதிய கம்பியால் கட்டியதாகவே முடியும்.

இரண்டாவது, ஆள். வட்டாரத்திலேயே பட்டப் படிப்பு முடித்து வேலைக்குக் காத்திருக்கும் பெண்களும் ஆண்களும் இருக்கிறார்கள். மாதச் சம்பளம் கொடுத்து அவர்களை அமர்த்த வேண்டும். சேவை என்று சொல்லிச் சும்மா வேலை வாங்கினால் ஆறு மாதத்தில் மையம் பூட்டிக் கிடக்கும். சுரங்கத்தால் வளம் பெறும் நிறுவனம், லாபத்தில் ஒரு பங்கைச் சமூக நலனுக்குச் செலவிட வேண்டுமென்று சட்டம் இருக்கிறது. நிலம் கொடுத்த ஊர்களுக்கு அதிலிருந்து இந்தச் சம்பளத்தைக் கேட்பது யாசகம் ஆகாது.

மூன்றாவது, பாடம். "கம்ப்யூட்டர் என்றால் என்ன? அதன் பாகங்கள் யாவை?" என்று உருப்போடச் செய்வது வீண். தன் நிலத்தின் பட்டாவைத் தானே திரையில் எடுத்துப் பார்ப்பது முதல் பாடமாக இருக்கட்டும். அந்த எண்ணும் தன் தகப்பனார் பெயரும் கண்ணில் பட்டவுடன் எந்தக் குடியானவருக்கும் ஆர்வம் தானாக வரும். விருத்தாசலத்து ஆராய்ச்சி நிலையத்தார் வெளியிடும் மணிலா, முந்திரி ரகங்களைப் பற்றித் தேடிப் படிப்பது இரண்டாவது. ரகசிய எண்ணை ஒருவரிடமும் சொல்லாதிருப்பது மூன்றாவது. ஒரு விதத்தில் அதுவே முதலாவதும் ஆகும். இன்று வீட்டுக்கு வீடு கைபேசி இருப்பதால், அதிலிருந்தே தொடங்கலாம். ஆனால் அதோடு நின்றுவிடக் கூடாது. கைபேசி பார்ப்பதற்கும் கேட்பதற்கும் நல்லது. எழுதுவதற்கும், கணக்குப் போடுவதற்கும், ஒன்றைப் புதிதாகச் செய்வதற்கும் விசைப்பலகை வேண்டும். வாடிக்கைக்காரராக இருப்பதற்கும் தொழிலாளியாக இருப்பதற்கும் உள்ள வித்தியாசம் அது.

நான்காவது, தமிழ். எல்லாம் தமிழிலேயே தொடங்கட்டும். ஆங்கிலம் பின்னால் வரும்; வர வேண்டும். ஆனால் வாசற்படியிலேயே அதை நிறுத்தி வைத்தால் உள்ளே யாரும் வர மாட்டார்கள்.

இவற்றில் ஒன்றுகூட அசாத்தியமானதல்ல. புதுவைக் குடிசைகளிலும் உகாண்டாவின் வாழைத் தோட்டங்களிலும் நடந்து காட்டியவைதாம். அங்கெல்லாம் மின்சாரத்துக்குத் திண்டாடினார்கள். கம்மாபுரத்தாருக்கு அந்தக் கவலையாவது இருக்கக் கூடாது அல்லவா? தேசத்துக்கு வெளிச்சம் கொடுத்த ஊர்கள் அவை. அந்த வெளிச்சத்தில் உட்கார்ந்து படிக்கும் பாத்தியதை அந்த ஊர்ப் பிள்ளைகளுக்கு மற்றெவரையும்விட ஒரு படி அதிகம். அதைக் கேட்டு வாங்கும் பொறுப்பு ஊராருடையது. கொடுக்கும் பொறுப்பு நம் எல்லோருடையதும்.